தோல் தைத்த திருக்கரங்கள்

தன் கையால் உழைத்துத் தேடிய உணவைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்று போதித்த மார்க்கம் இஸ்லாம். நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கைத்தொழிலின் வருவாயிலேயே உண்டு வந்தார்கள். நபி ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். இவற்றையெல்லாம் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

ஆனால் நாயகத்தின் இல்லத்திலேயே, விசுவாசிகளின் தாய்மார்களுள் ஒருவர், ஆட்டுத்தோலைப் பதனிட்டு, குத்தூசியால் துளையிட்டுத் தைத்து, அந்த வருவாயை ஏழைகளுக்கு வழங்கி வாழ்ந்தார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அந்த அன்னைதான் ஹஜ்ரத் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். கைகள் தளர்ந்துவிட்டனவே, இனி நம்மால் என்ன பயன் என்று ஏங்கும் முதியோர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அவர்களுடையது.

குலமும் குடும்பமும்

அன்னையின் தந்தை ஜஹ்ஷ், பனூ அஸத் கோத்திரத்தைச் சேர்ந்தவர். தாயார் உமைமா, அப்துல் முத்தலிபின் மகளார். எனவே அன்னையவர்கள் நாயகத்துக்கு அத்தை மகள் ஆவார்கள். பெற்றோர் இட்ட பெயர் பர்ரா. நற்குணமுடையவள் என்ற பொருள் தரும் அப்பெயர் தற்புகழ்ச்சியாகிவிடக் கூடாதென்று கருதி, நாயகம் (ஸல்) அவர்கள் ஜைனப் என்று மாற்றினார்கள்.

இஸ்லாம் தோன்றிய தொடக்க நாட்களிலேயே அக்குடும்பத்தார் ஈமான் கொண்டனர், துன்பங்களைச் சகித்தனர், மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தனர். அன்னையின் சகோதரர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டில் உஹதுப் போர்க்களத்தில் ஷஹீதானார்கள். மற்றொரு சகோதரரான அபூ அஹ்மத் (ரலி) அவர்கள் கண்பார்வை இழந்த கவிஞர்.

முதலில் அன்னையவர்களுக்கும், அடிமைத் தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவரான ஜைது பின் ஹாரிதா (ரலி) அவர்களுக்கும் நாயகமே திருமணம் செய்துவைத்தார்கள். குலப் பெருமையைத் தகர்த்த திருமணம் அது. எனினும் இருவர் மனமும் இசையாமல் அது மணவிலக்கில் முடிந்தது. பின்னர் ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டில் (கி.பி. 627) இறைவனின் ஆணைப்படி அன்னையவர்கள் நாயகத்தின் துணைவியாரானார்கள். வளர்ப்பு மகனைப் பெற்ற மகனாகவே கருதிவந்த பழைய வழக்கம் இதனால் நீங்கியது. திருமறையின் 33-ஆவது அத்தியாயமான அல்அஹ்ஸாபில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. மற்ற துணைவியரின் திருமணங்களை அவர்களுடைய குடும்பத்தார் நடத்திவைத்தார்கள் என்றும், தம் திருமணத்தை ஏழு வானங்களுக்கு மேலிருந்து இறைவனே நடத்திவைத்தான் என்றும் அன்னையவர்கள் பெருமிதத்துடன் கூறுவதுண்டு.

இத்தனை உயர்ந்த சிறப்பைப் பெற்ற பெருமாட்டி என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, அன்னையவர்கள் ஒரு தோலைக் கையால் தேய்த்துப் பதனிட்டுக்கொண்டிருந்ததாக ஹதீஸ் நூல் தெரிவிக்கிறது.

தோலும் துளையூசியும்

நேயர்களே! தோல் பதனிடுதல் எளிய தொழிலன்று. உரித்த தோலை உடனே கவனிக்காவிட்டால் அழுகிவிடும். நீரில் ஊறவைக்க வேண்டும். உட்புறத்து ஊனையும் கொழுப்பையும் மழுங்கிய கத்தியால் வழித்தெடுக்க வேண்டும். மயிரை நீக்க வேண்டும். பின்னர் துவர்ப்புச் சாற்றில் ஊறப்போட்டு, கையால் மீண்டும் மீண்டும் தேய்த்துப் பிசைய வேண்டும். அரபு நாட்டில் இதற்குப் பயன்பட்டது கரள் எனப்படும் வேலமரக் காய். நம் தமிழகத்தில் பயன்பட்டவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். துவர்ப்பு தோலின் உள்ளே இறங்கி அதனைக் கட்டுப்படுத்திய பிறகே, அழுகும் பொருளாக இருந்தது அழியாத பொருளாகிறது. அதன் பின்னரும் எண்ணெய் பூசி மென்மையாக்கி, வெட்டி, துளையிட்டு, தைத்தால்தான் அது நீர்ப்பையாகவோ செருப்பாகவோ தலையணையாகவோ உருவெடுக்கும்.

அக்காலத்து அரபு வாழ்க்கை தோலைச் சார்ந்தே நடந்தது. பாலைவனப் பயணத்தில் உயிர்காத்த நீர்ப்பை தோலால் ஆனது. கிணற்று வாளி தோலால் ஆனது. நாயகம் (ஸல்) அவர்கள் உறங்கிய விரிப்பு, பேரீச்ச நார் அடைத்த தோலாகும். திருமறையின் வசனங்கள் தொடக்கத்தில் எழுதப்பட்ட பொருள்களுள் தோல் துண்டுகளும் உண்டு. கால்நடைகளின் தோல்களிலிருந்து கூடாரங்களை அமைத்துக் கொள்ளச் செய்ததைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக இறைவன் அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) நினைவூட்டுகின்றான். நாயகம் (ஸல்) அவர்களே தம் காலணி அறுந்தால் தாமே தைத்துக் கொள்வார்கள்.

தோலை வீணாக்குவதையும் நாயகம் விரும்பவில்லை. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண் ஒருவருக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்று உடனிருந்தோர் கூற, அதனை உண்பதே விலக்கப்பட்டது என்று விளக்கினார்கள். பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்ற சட்டம் இத்தகைய ஹதீஸ்களிலிருந்தே பிறந்தது. பன்றித் தோல் இதில் சேராது. ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் தோலும் சேராது.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் வீட்டில் இறந்த ஆட்டின் தோலைப் பதனிட்டு, அது நைந்து போகும்வரை பானம் ஊறவைக்கப் பயன்படுத்தினார்கள். அன்னை ஜைனப் (ரலி) அவர்களோ இதனை ஒரு தொழிலாகவே செய்தார்கள். கைத்திறன் மிக்க அன்னையவர்கள் தோலைப் பதனிட்டுத் தைத்து, அதன் மூலம் வந்த பொருளை இறைவழியில் தர்மம் செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சான்று பகர்ந்துள்ளார்கள்.

கோட்டையும் கமலையும்

இங்கே நம் ஊரையும் சற்றே எண்ணிப் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில், சேதுபதி மன்னர் 1687-ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டையைத் தாங்கி நிற்கும் ஊர் திருமயம். அங்கிருந்து திருப்பத்தூர் நோக்கிச் சென்றால் காட்டுபாவா பள்ளிவாசல் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் வந்து போகும் தலம் அது. கோட்டை இருந்த காலத்தில் குதிரைக்குச் சேணமும் கடிவாள வாரும், வாளுக்கு உறையும் வேண்டியிருந்தன. அவற்றைத் தைத்த கைகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கோட்டைக்கு மட்டுமா? இது மழையை நம்பிய பூமி. மின்சார இறைவை வருவதற்கு முன்பு, கண்மாய் வற்றினால் கிணறுதான் கதி. கிணற்றுக்குக் கமலை. கமலைச் சாலின் அடியில் தோலால் தைத்த தும்பி. அந்தத் தும்பியில் ஒரு தையல் விட்டுப் போனாலும், மேலே வருவதற்குள் பாதி நீர் கிணற்றிலேயே கொட்டிவிடும், பயிர் வாடும். ஊரின் பயிரைக் காத்தது தோல் தைப்பவரின் குத்தூசிதான். ஆனால் அந்தக் கையைத் தொடுவதற்கு ஊர் கூசியது. தோல் தொழில் இழிதொழில் என்று ஒதுக்கியது.

நாயகத்தின் அத்தை மகளார், இறைவனே மணமுடித்து வைத்த மாதரசி, செய்த தொழில் எப்படி இழிதொழிலாகும்? இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் தோல் பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. 1948-ல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமே அமைந்துவிட்டது. ஆயினும், பேருந்து நிலையத்து நிழலில் அமர்ந்து செருப்புத் தைக்கும் முதியவரிடம் காசைக் கையில் கொடுக்காமல் கோணியில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் நாம் ஒருவராக இருக்கலாமா? சிந்தித்துப் பாருங்கள்.

கயிற்றை அவிழ்க்கச் சொன்ன நாயகம்

அன்னையவர்கள் உழைப்பில் மட்டுமல்ல, வணக்கத்திலும் தளராதவர்கள். ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் நுழைந்தபோது, இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அது என்னவென்று வினவினார்கள். அது ஜைனப் அவர்களுடையது என்றும், நின்று தொழும்போது களைப்பு மேலிட்டால் அதனைப் பற்றிக்கொள்வார்கள் என்றும் தோழர்கள் கூறினர்.

நாயகம் (ஸல்) அவர்கள் அக்கயிற்றை அவிழ்த்துவிடும்படி கட்டளையிட்டார்கள். உற்சாகம் இருக்கும்வரை தொழ வேண்டும். களைத்துவிட்டால் அமர்ந்துகொள்ள வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள்.

அன்பர்களே! இந்த நிகழ்ச்சியில் முதியோருக்கு எத்தனை பெரிய ஆறுதல் இருக்கிறது! உடல் மறுக்கும்போது அதனைக் கயிறு கட்டி இழுக்க வேண்டுமென்று மார்க்கம் கேட்கவில்லை. மனிதனைப் பலவீனத்திலிருந்து படைத்து, பிறகு வலிமையைத் தந்து, அந்த வலிமைக்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என்று அர்ரூம் அத்தியாயத்தில் (30:54) இறைவன் அறிவிக்கின்றான். அவன் தந்த தளர்ச்சியை அவன் அறிய மாட்டானா?

நாவைக் காத்த நேர்மை

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் அன்னை ஜைனப் (ரலி) அவர்களுக்கும் நாயகத்தின் அன்பைப் பெறுவதில் போட்டி உண்டு. இதனை வரலாறு மறைக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் பழி சுமத்திய கொடிய நாட்களில், அன்னை ஜைனபின் சொந்தச் சகோதரி ஹம்னாவே அந்தப் பேச்சில் அகப்பட்டுக்கொண்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஜைனபிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு சொல் போதும், போட்டியாளரின் பெயர் கெட்டுவிடும். ஆனால் அன்னையவர்கள், தம் செவியையும் பார்வையையும் தாம் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவைப் பற்றி நன்மையைத் தவிர வேறெதையும் தாம் அறியவில்லை என்றும் கூறிவிட்டார்கள்.

இந்த நேர்மையை ஆயிஷா (ரலி) அவர்கள் கடைசிவரை மறக்கவில்லை. மார்க்கப் பற்றிலும், இறையச்சத்திலும், உண்மை பேசுவதிலும், உறவைப் பேணுவதிலும், தர்மத்துக்காகத் தம்மையே உழைப்பில் ஈடுபடுத்திக் கொள்வதிலும் ஜைனபைவிடச் சிறந்த பெண்ணைத் தாம் கண்டதில்லை என்று புகழ்ந்தார்கள். சட்டென்று கோபம் வரும், அதிலிருந்து உடனே மீண்டும்விடுவார்கள் என்ற ஒரு குறையையும் சேர்த்தே சொன்னார்கள்.

நீண்ட கை எது?

நாயகத்தின் இறுதிக்காலத்தில் துணைவியர் ஒரு கேள்வியை முன்வைத்தனர். தங்களுள் யார் முதலில் நாயகத்தை மறுமையில் வந்தடைவார் என்பதே அது. தங்களுள் மிக நீண்ட கையை உடையவரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

அன்னையர் அதனை நேர்ப்பொருளிலேயே எடுத்துக் கொண்டனர். நாயகம் மறைந்த பின்னும் ஒன்றுகூடும்போது, சுவரில் கைகளை நீட்டி வைத்து அளந்து பார்த்துக் கொள்வார்கள். உயரமான அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் கைகளே நீளமானவை என்று எண்ணியிருந்தனர். ஜைனப் (ரலி) அவர்களோ குட்டையான உருவத்தினர். அந்த அளவையில் அவர்களுடைய கை முதலிடம் பெற வழியே இல்லை.

நம் தமிழில் கை நீளம் என்றால் திருடுபவர் என்று பொருள் கொள்வோம். நாயகத்தின் திருவாக்கில் அது, கொடுப்பதற்காக நீளும் கையைக் குறித்தது. முதலில் மறைந்தவர் ஜைனப் (ரலி) அவர்கள் என்று ஆன பிறகே மற்ற அன்னையர் இப்பொருளை உணர்ந்தனர். தோலைத் தேய்த்துக் காய்த்துப்போன கையே எல்லாவற்றிலும் நீண்ட கையாக இருந்தது.

பன்னீராயிரம் திர்ஹம்

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது, நாயகத்தின் துணைவியருக்கு ஆண்டுதோறும் மானியம் வகுத்தார்கள். ஜைனப் (ரலி) அவர்களுக்கு 12,000 திர்ஹம் வந்து சேர்ந்தது. அதைக் கண்டதும், இதனைப் பங்கிட்டுக் கொடுக்கத் தம்மைவிட ஏனைய சகோதரியரே வல்லவர்களாயிற்றே என்று அன்னையவர்கள் கூறினார்கள். முழுத் தொகையும் அவர்களுக்கே உரியது என்று விளக்கப்பட்டபோது திடுக்கிட்டார்கள். அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடச் செய்தார்கள். பர்ஸா என்ற பெண்மணியை அழைத்து, துணிக்குள் கையை விட்டுப் பிடி பிடியாக அள்ளி, இன்ன உறவினருக்கு, இன்ன அநாதைக்கு என்று கொடுத்தனுப்பினார்கள். கடைசியில், தமக்கும் இதில் உரிமை இல்லையா என்று பர்ஸா கேட்க, துணியின் அடியில் எஞ்சியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது இருந்தவை 85 திர்ஹம்.

பின்னர் கைகளை உயர்த்தி, அடுத்த ஆண்டின் மானியம் தம்மை வந்தடையாதிருக்கட்டும் என்று இறைஞ்சினார்கள். செய்தியறிந்த உமர் (ரலி) அவர்கள் மேலும் 1,000 திர்ஹம் அனுப்பினார்கள். அதுவும் வந்த வழியே ஏழைகளிடம் போய்விட்டது.

கூர்ந்து கவனியுங்கள், நேயர்களே! அரசுப் பணத்தைத் துணியால் மூடச் சொன்ன அன்னையவர்கள், கையால் உழைத்த வருவாயை ஒருபோதும் அஞ்சியதில்லை. உழைத்து ஈட்டியதைக் கொடுப்பதில் அவர்கள் கண்ட இனிமை அத்தகையது.

இறுதி நாள்

ஹிஜ்ரி 20-ஆம் ஆண்டில் (கி.பி. 641), 53-ஆம் வயதில் அன்னையவர்கள் மறைந்தார்கள். தமக்குரிய கஃபன் துணியை முன்னரே ஆயத்தம் செய்து வைத்திருந்தார்கள். உமர் அவர்களும் கஃபன் அனுப்பினால் இரண்டில் ஒன்றைத் தர்மம் செய்துவிடுமாறு சொல்லியிருந்தார்கள். மரணத்துக்குப் பிறகும் கொடுத்த கை அது!

கண்பார்வையற்ற சகோதரர் அபூ அஹ்மத் (ரலி) அவர்கள் அழுதவாறே ஜனாஸாவைச் சுமந்து வந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தொழுகை நடத்தினார்கள். வெயில் கடுமையாக இருந்ததால், கப்று தோண்டுவோருக்காக ஜன்னத்துல் பகீஇல் கூடாரம் ஒன்று அமைக்கப்பட்டது. அன்னையவர்கள் ஒரு திர்ஹமோ ஒரு தீனாரோ விட்டுச் செல்லவில்லை. அநாதைகளும் விதவைகளும் தங்கள் புகலிடத்தை இழந்து கலங்கினர்.

தளர்ந்த கைகளுக்கு

கைத்தொழில் செய்து மூத்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. துவர்ப்பு நீரில் ஊறி வறண்டு வெடித்த தோல், குத்தூசியை அழுத்தி அழுத்தி இறுகிப்போன பெருவிரல் மூட்டு, நூலை இழுத்து நடுங்கும் மணிக்கட்டு, மங்கிய பார்வை என்று அவர்கள் படும் பாடு பெரிது. தோலில் மட்டுமா? பாய் முடைந்த கைகள், தறி நெய்த கைகள், தையல் இயந்திரத்தில் தேய்ந்த கைகள் யாவற்றின் கதையும் இதுவே.

அனுபவம் வாய்ந்த கைவினைஞர்கள் சில வழிகளைக் கையாளுவார்கள். குத்தூசியின் பிடியில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொண்டால் விரல்கள் இறுகப் பற்ற வேண்டியதில்லை. முனையை அடிக்கடி சாணையில் தீட்டி, மெழுகில் குத்தி எடுத்தால் பாதி வலிமை போதும். தைக்குமுன் தோலைச் சற்றே ஈரப்படுத்தினால் அது எளிதில் இடம் கொடுக்கும். வேலையை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டால் இடக்கைக்கு ஓய்வு. தடித்த தோலை வெட்டும் வேலையை இளைஞர்களிடம் விட்டுவிட்டு, அளவு பார்ப்பதையும் தையலையும் தாம் வைத்துக்கொள்ளலாம். இரவில் வெந்நீரில் கையை நனைத்து எண்ணெய் தடவலாம். வலிக்கும்போது நிறுத்திவிடலாம். கயிற்றை அவிழ்க்கச் சொன்ன நாயகத்தின் வழி இதற்கும் பொருந்துமன்றோ?

அதற்கும் இயலாத நாள் ஒன்று வரும். அப்போது என்ன செய்வது? ஒவ்வொரு முஸ்லிமும் தர்மம் செய்ய வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, பொருளில்லாதவர் என்ன செய்வார் என்று தோழர்கள் கேட்டனர். கையால் உழைத்துத் தாமும் பயன்பெற்றுத் தர்மமும் செய்யட்டும் என்றார்கள். அதற்கும் இயலாவிட்டால், துன்புறும் தேவையுடையோருக்கு உதவட்டும். அதுவும் இயலாவிட்டால், நன்மையை எடுத்துச் சொல்லட்டும். அதுவும் இயலாவிட்டால், தீமை செய்யாமல் விலகியிருக்கட்டும். அதுவும் அவருக்குத் தர்மமே என்றார்கள். ஒருவர் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, உடல்நலத்தோடு ஊரில் இருந்தபோது செய்துவந்த நற்செயல்களின் கூலி அவருக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் என்ற நற்செய்தியையும் தந்துள்ளார்கள். கை ஓய்ந்தாலும் கணக்கு ஓய்வதில்லை!

நம் கடமையும் ஒன்றுண்டு. தொழில் செய்பவருக்கு உதவுவதையும், கைத்திறன் அற்றவருக்குச் செய்து கொடுப்பதையும் சிறந்த நற்செயல்களுள் சேர்த்துள்ளார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். முதிய கைவினைஞரிடம் பேரம் பேசாமல் கூலியைக் கொடுங்கள். அவர் பக்கத்தில் உங்கள் பிள்ளையைச் சற்று நேரம் அமர்த்தி, தொழிலின் நுட்பத்தைக் காணச் செய்யுங்கள். குர்பானித் தோலை அறுப்பவரின் கூலியில் கழித்துவிடாமல், அதற்குரிய ஏழை எளியோரிடம் சேருங்கள். தோலின் விலை சரிந்துவிட்டதென்று அதனைக் குழியில் எறிவோரும் உண்டு. ஓர் ஆட்டுத்தோலிலிருந்து எத்தனை ஏழைகளின் பசி தீர்ந்தது என்பதை அன்னையின் வாழ்விலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

நாம் அன்றாடம் ஓதும் யாசீன் அத்தியாயத்தில் (36:65), மறுமை நாளில் வாய்கள் முத்திரையிடப்படும் என்றும், கைகள் இறைவனிடம் பேசும் என்றும் வருகிறது. அன்று சுருங்கிய கையென்றும் நடுங்கும் கையென்றும் பார்க்கப்படுவதில்லை. அது எதைத் தேடியது, எதைக் கொடுத்தது என்பதே கேட்கப்படும். வல்ல அல்லாஹ் நம் கைகளை, அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் திருக்கரங்களைப் போல் உழைத்துக் கொடுக்கும் நீண்ட கைகளாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.